விலகிக் கொள்கிறேன்

கேள்வி: அமெரிக்கா முழுவதும் தெருக் கும்பல்கள் எத்தனை, அவற்றின் உறுப்பினர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதற்குத் துல்லியமான கணக்கு உண்டா?
(தாராபுரம் வாசகர் ஒருவர்)

பதில்: 'உறுப்பினர்' என்கிறீர்களே, வம்பே அங்கேதான். ரசீதுப் புத்தகம், சந்தா பாக்கி, கோரம் இல்லாமல் தள்ளிப்போன பொதுக்குழு, இதெல்லாம் இருந்தால்தான் என் அகராதியில் உறுப்பினர். 1987-ல் இரண்டு ரூபாய் கட்டி ஒரு வாசகசாலையில் சேர்ந்தேன். ஆறே மாதத்தில் கடிதம் கொடுத்தேன். 'விலகி கொள்கிறேன்' என்று எழுதிவிட்டேனாம். 'க்' எங்கே என்று சிவப்பு மையில் சுழித்துத் திருப்பித் தந்தார் செயலாளர். திருத்தி எடுத்துப்போனபோது ஆள் ஊரில் இல்லை. இன்றைக்கும் நான் அங்கே உறுப்பினர்தான்.

அமெரிக்கக் கணக்கும் ஏறக்குறைய இதே கதை. 1996 முதல் ஆண்டுதோறும் சுமார் 2,500 காவல் துறைகளுக்குக் கும்பல் கணக்கெடுப்புப் படிவம் போய்க்கொண்டிருந்தது. எதைக் கும்பல் என்பது, யாரைச் சேர்ப்பது என்பதெல்லாம் பெரும்பாலும் உள்ளூர் போலீஸ் இஷ்டம். 2012-ல் தேறியது 30,700 கும்பல்கள், 8.5 லட்சம் பேர். அதற்கு முந்தைய ஆண்டு எஃப்.பி.ஐ. சொன்னதோ 14 லட்சம். சிறைக் கும்பலும் மோட்டார் சைக்கிள் கும்பலும் அதில் சேர்த்தி. காவல் துறைகளுக்குப் போன அந்தப் படிவத்தையும் 2012-க்குப் பிறகு நிறுத்திவிட்டார்கள்.

எப்படிப்பட்டவர்கள்? போலீஸ் பதிவேட்டைப் பார்த்தால் வெள்ளையர் ஏறக்குறைய பத்தில் ஒருவர். பதின்வயதுப் பிள்ளைகளிடமே நேராகக் கேட்டு எடுத்த ஆய்வுகளில் அந்தப் பங்கு நன்றாகவே ஏறுகிறது. வலை போட்ட குளத்து மீன்தானே கூடையில் இருக்கும்!

கும்பல் ஆட்கள் என்று போலீஸ் சந்தேகிப்பவர்களின் பெயரைச் சேர்த்து வைக்கும் கலிஃபோர்னியாவின் 'கால்கேங்' பட்டியலை 2016-ல் மாநிலத் தணிக்கையாளர் புரட்டினார். பெயர் ஏறிய நாளில் ஒரு வயதுகூட நிரம்பாதவர்கள் 42 பேர். அதில் 28 பேர், தாங்கள் கும்பலைச் சேர்ந்தவர்கள் என்று தாங்களே ஒப்புக்கொண்டதாகப் பதிவு! என் பேரன் பத்து மாதத்தில் ஒருநாள் 'ங்கா' என்றான். நல்ல வேளை, சுற்றுமுற்றும் போலீஸ் இல்லை.

புதிய ஆதாரம் ஏதும் சேராவிட்டால் ஐந்து ஆண்டில் பெயரை அடித்துவிட வேண்டும் என்பது அப்போது அங்கே விதி. அதையும் தாண்டிப் பெயர் நீக்க நாள் குறிக்கப்பட்டவர்கள் 600-க்கும் மேல். பலருக்கு நூறு ஆண்டுக்கு அப்பால். எங்கள் செயலாளர் ஊரில் இல்லாமல் எங்கே போனார் என்று இப்போதுதான் சந்தேகம் வருகிறது. ஆனால் அவராக இருந்தால் அந்த 28 பேரின் வாக்குமூலத்தில் ஒற்றுப்பிழையாவது பார்த்திருப்பார்.