மீன் அமிலம் தயாராகிவிட்டதா? – கேள்வி பதில்

மன்னார்குடி: ஐயா, பயிருக்குத் தெளிக்கும் மீன் அமிலம் செய்ய ஒரு கிலோ மீன் கழிவுக்கு ஒரு கிலோ வெல்லம் என்று கலந்து கேனில் மூடி வைத்தேன். 21 நாள் ஆகிவிட்டது. இன்றே வடிகட்டலாமா?

பதில்: நாட்காட்டியைப் பார்த்து வடிகட்டாதீர்கள், தம்பி. சித்திரை வெயிலில் அதற்குள் நொதித்து முடிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் 40 நாள்கூட ஆகும். மூடியைத் திறந்ததும் கவிச்சி மூக்கில் ஏறினால் இன்னும் ஆகவில்லை. பழுத்த பழத்தின் வாசனை வரவேண்டும். சதை முழுதும் கரைந்து, முள்ளும் செதிலும் மட்டும் அடியில் தங்கியிருக்க வேண்டும்.

நாகப்பட்டினம்: வாசனை நன்றாகத்தான் இருக்கிறது, அண்ணா. ஆனால் மூடியைத் திருகும்போதெல்லாம் 'புஸ்' என்று காற்று வருகிறதே?

பதில்: அப்படியானால் நுண்ணுயிர்கள் வெல்லத்தை இன்னும் தின்றுகொண்டிருக்கின்றன. அவை விடும் கரியமில வாயுதான் அந்தக் காற்று. வாசனையைவிட இதைத்தான் நான் நம்புவேன். காலியான குளிர்பான பிளாஸ்டிக் பாட்டிலில் பாதியளவு கரைசலை ஊற்றுங்கள். பாட்டிலை அமுக்கி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றி, அமுக்கியபடியே மூடியைத் திருகுங்கள். பக்கம் குழிந்து நிற்கும். நிழலில் ஒரு நாள் வையுங்கள். மறுநாளும் குழி அப்படியே இருந்தால் நொதித்தல் அடங்கிவிட்டது. குழி எழும்பி, பாட்டில் கட்டைவிரலுக்கு மசியாமல் விறைத்து நின்றால் இன்னும் ஒரு வாரம் பொறுத்திருங்கள். கண்ணாடி பாட்டிலில் மட்டும் இதைச் செய்யவே கூடாது. வெடித்தால் கண் போய்விடும். கேனிலும் மூன்றில் ஒரு பங்கு இடத்தைக் காலியாக விடுங்கள்.

கும்பகோணம்: எங்கள் கேனில் அழுகல் நாற்றம் அடிக்கிறது, ஐயா. புழுவும் நெளிகிறது.

பதில்: அது நொதிக்கவில்லை அம்மா, அழுகுகிறது. வெல்லம் குறைந்திருக்கும், அல்லது மூடி இறுகாமல் ஈ புகுந்திருக்கும். ஆரம்ப நாட்கள் என்றால் இன்னும் வெல்லம் சேர்த்துக் கிளறி, இறுக மூடிப் பாருங்கள். நாற்றம் போகாவிட்டால் குழியில் ஊற்றி மண்ணைத் தள்ளிவிடுங்கள். வெல்லம் வீணாகிறதே என்று பயிருக்கு அடித்துவிடாதீர்கள்.

திருவையாறு: எங்களுக்குப் பச்சை மீன் கிடைப்பது அரிது. கருவாடு போடலாமா?

பதில்: வேண்டாம். உப்பு நொதித்தலைத் தடுக்கும், பயிருக்கும் ஆகாது.

திருத்துறைப்பூண்டி: சம்பா நெல்லுக்கு எவ்வளவு தெளிப்பது, அண்ணா?

பதில்: 10 லிட்டர் டேங்குக்கு 100 மில்லி. இளம்பயிர் என்றால் 50 மில்லி போதும். வெயில் ஏறுமுன் தெளியுங்கள், அல்லது மாலையில். பழைய வேட்டித் துணியில் இருமுறை வடிகட்டிவிடுங்கள்; ஒரு செதில் சிக்கினாலும் நாசில் அடைத்துக்கொள்ளும், சேற்றுக் கையோடு வரப்பில் நின்று அதைக் கழற்றி ஊத வேண்டியிருக்கும். பயிர் ஏற்கனவே தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்து கரும்பச்சையாக இருந்தால் இப்போது தெளிக்க வேண்டாம். தழைச்சத்து மிகுந்த வயலைத்தான் இலைச்சுருட்டுப் புழு தேடி வரும்.