அழும்போது மட்டும் வாய் கோணுகிறது

கேள்வி: மூன்று வயது மகனுக்குக் கவாசாகி நோய் (ரத்தக் குழாய்களில் அழற்சி உண்டாக்கும் காய்ச்சல்) வந்து, இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் பொருள் மருந்தை ஏற்றி, இரண்டு வாரம் முன் வீட்டுக்கு வந்தோம். ஆஸ்பிரின் கொடுக்கிறோம். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான், விரல் நுனியில் தோல் உரிகிறது. இந்த நோய் மூளையைத் தாக்கும் என்று நெட்டில் படித்தேன். படிப்பு வராமல் போய்விடுமா? முந்தாநாள் உடம்பு லேசாகச் சுட்டது, வீட்டில் இருந்த இபுப்ரோஃபென் சிரப் கொடுத்தேன். நேற்றிலிருந்து அழும்போது வாய் ஒரு பக்கம் கோணுகிறது.
– வாசகி, செம்பூர், மும்பை

பதில்: கடைசி வரியை முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும் அம்மா. இதற்கெல்லாம் கடிதம் போட்டுக் காத்திருக்கலாமா? இன்றே குழந்தையைத் தூக்கிக்கொண்டு, சிகிச்சை பார்த்த ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

வாய் ஒரு பக்கம் இழுத்து, மறுபக்கக் கண் முழுதாக மூடவில்லை என்றால் முக நரம்பு தளர்ந்திருக்கிறது என்று பொருள். கவாசாகியில் இது அபூர்வம். சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். என் கவலை முகத்தைப் பற்றியதல்ல, இதயத்தைப் பற்றியது. இப்படி முக நரம்பு தளரும் குழந்தைகளுக்கு இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் கரோனரி குழாய்கள் பலூன் மாதிரி வீங்குவது மற்றவர்களைவிட அதிகம். இம்யூனோகுளோபுலின் ஏற்றாவிட்டால் நாலில் ஒரு குழந்தைக்கு வீங்கும். காய்ச்சல் தொடங்கி 10 நாளுக்குள் ஏற்றினால் நூற்றுக்கு ஐந்து பேருக்குத்தான். அந்த ஐந்தில் உங்கள் பையன் இருக்கிறானா என்று பார்த்தாக வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று எக்கோ (இதய ஸ்கேன்) நார்மல் என்று சொல்லியிருந்தாலும் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். மறுபடி சுட்டதையும் மறக்காமல் சொல்லுங்கள். அழற்சி இன்னும் அடங்கவில்லையோ என்று பார்ப்பார்கள். வழியில் வலிப்பு வந்தாலோ, ஒரு பக்கக் கை, கால் துவண்டாலோ, எழுப்பினாலும் எழாமல் கிடந்தாலோ, பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள்.

அப்புறம் அந்த சிரப். ஆஸ்பிரின் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து. இபுப்ரோஃபென் குறுக்கே வந்தால் அந்த வேலை கெடும். யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்? இனி சுட்டால் பாராசிட்டமால் மட்டும், அதுவும் டாக்டரிடம் சொல்லிவிட்டு. ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தவும் கூடாது. பக்கத்து வீட்டில் யாருக்காவது சின்னம்மை, ஃப்ளூ என்றால் மட்டும் உடனே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். அந்த நேரத்தில் ஆஸ்பிரின் ஈரலுக்கும் மூளைக்கும் ஆபத்து.

தோல் உரிவதை விட்டுத்தள்ளுங்கள், புதுத்தோல் வரும். சிடுசிடுப்பு இந்த நோயின் குணம். மூளையுறையில் கிருமி இல்லாமலே வரும் லேசான அழற்சியும் அதற்கு ஒரு காரணம், தானே அடங்கும். படிப்பா? மூன்று வயதுப் பையனுக்கு அந்தக் கவலை இப்போது எதற்கு? இந்த நோய் வந்துபோன குழந்தைகளில் பெரும்பாலோர் மற்றப் பிள்ளைகள் மாதிரிதான் படிக்கிறார்கள். கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தால் மட்டும் காதைச் சோதித்துப் பாருங்கள், சிலருக்குக் கேட்கும் திறன் குறையும்.

டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு போங்கள். எம்.எம்.ஆர். (தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா), சின்னம்மைத் தடுப்பூசிகளை இம்யூனோகுளோபுலின் ஏற்றிய நாளிலிருந்து 11 மாதம் தள்ளிப்போட வேண்டும், அதையும் அங்கேயே குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.