உப்பும் ஒட்டறையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் யாழ்ப்பாணத்தில் பௌதிகவியல் இறுதியாண்டு மாணவன். எங்கள் ஊரில் விழும் வெயிலைக் காற்றிலுள்ள கடலுப்பும் புகையும் எவ்வளவு குறைக்கின்றன என்று கணிப்பதே என் ஆய்வு. மீ சிதறலும் இரு-ஓடைக் கணக்கும் போதும் என்கிறார் மேற்பார்வையாளர். ரி-மற்றிக்ஸும் 16 ஓடை டிசோர்ட்டும் இல்லாவிட்டால் யாரும் மதிக்கமாட்டார்கள் என்கிறான் வெளிநாட்டு நண்பன். மொன்டே கார்லோவும் மனதில் இருக்கிறது. எது சிறந்த முறை? இதையெல்லாம் தமிழில் எழுத முடியுமா?

க.

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்விக்கு உமது கடிதமே பதில். ஒளித்துணுக்குகளைத் தாயம் உருட்டுவது போல ஒவ்வொன்றாக விட்டுப் பின்தொடர்கிற மொன்டே கார்லோவை விடும். அது துண்டு துண்டாக முகில் நிற்கிற வானத்துக்கு உதவும். நீர் கேட்பது தெளிந்த வானம்.

இனி ஏச்சு. நாலு பெயரையும் ஒரே சாக்கில் கட்டி எது சிறந்தது என்கிறீர். அரிசி நல்லதா பானை நல்லதா என்று அம்மாவிடம் கேட்டுப் பாரும். ஒரு துணிக்கை ஒளியை எந்தப் பக்கம் எவ்வளவு எறிகிறது என்று சொல்பவை மீயும் ரி-மற்றிக்ஸும்; மீ உருண்டைக்கு, ரி-மற்றிக்ஸ் உருண்டை இல்லாததற்கும். அந்த ஒளி மேலும் மேலும் துணிக்கைகளில் பட்டுத் தெறித்து நிலத்துக்கு வருகிற கணக்கு இரு-ஓடையும் டிசோர்ட்டும்; முன்னது மேலே, கீழே என்று இரண்டே திசையில் கணக்கிடும், பின்னது பல திசையில். உமக்கு வேண்டியது நிலத்தில் விழும் மொத்த வெயில். அதற்கு டெல்டா திருத்தம் (முன்பக்கமாகக் குவிந்து எறியப்படும் ஒளியைத் தனியாகப் பிரிப்பது) சேர்த்த இரு-ஓடை சில வீதப் பிழையோடு விடை தந்துவிடும். காற்றில் எவ்வளவு உப்பு இருக்கிறதென்று அந்தளவு துல்லியமாக உமக்குத் தெரியுமா? வானத்தின் எந்தத் திசை எவ்வளவு வெளிச்சம் என்று கேட்கிற நாளில் டிசோர்ட்டுக்குப் போம். அதன் வேர் வானியற்பியலாளர் சந்திரசேகர் 1950இல் எழுதிய நூலில் இருக்கிறது. சென்னையில் படித்த நம்மாள் என்று மேடையில் பெருமை பேசுவோம், அந்த நூலை மட்டும் திறக்கமாட்டோம்.

சரி, இது கிடக்கட்டும். உமது கடிதம் எனக்கு ஞாபகப்படுத்தியது அம்மம்மாவின் அடுப்படியை. கொஞ்ச நாளாகவே அது மனதில் சுற்றிக்கொண்டிருந்தது. பருத்தித்துறையில், கடல் இரைவது கேட்கிற வீடு. ஆனையிறவு உப்பைச் சிரட்டையில் போட்டு அடுப்புக்கு மேலே உறியில் வைத்திருப்பார். கோடையில் ஒரு கல்லை எடுத்து விரலிடையில் உருட்டினால் உருளாது, விளிம்பு குத்தும். சின்னச் சதுரப் பெட்டி. மாரி பிறந்தால் அதே கல்லுக்கு மூலையே இராது, சிரட்டையின் அடியில் தண்ணீர் நிற்கும். "உப்புக் கசியுது, மழை வருது" என்பார். சாரீரப்பதன், அதாவது காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை வீதம் இருக்கிறது என்ற அளவு, ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைட்டு கரைந்துவிடும் என்று நான் படித்தது பல வருடம் கழித்து. கடலுப்பில் மக்னீசியமும் கலந்திருப்பதால் அது இன்னும் முந்தியே கசியத் தொடங்கும்.

இதிலே ஒரு விசேஷம். கரைந்த துளி சாரீரப்பதன் 75க்குக் கீழே வந்தவுடன் திரும்பக் கல்லாகாது. ஏறத்தாழ 45 வரை இறங்கினால்தான் காயும். நம்முடைய கடற்கரையில் காற்று அவ்வளவு காய்வது அரிது. ஆக, உம்முடைய உப்பு பெரும்பாலும் உருண்டைத் துளி. உருண்டைக்கு மீ போதும். மேற்பார்வையாளர் சொன்னது சரி, ஆனால் ஏன் சரி என்று நீர் அவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

அதே அடுப்படியில், உறிக்கு மேலே ஒட்டறை தொங்கும். பனம் மட்டை எரிந்த கரி, கறுத்த நூல் நூலாக. புகைக்கரியை நுண்ணோக்கியில் பார்த்தாலும் அப்படித்தான்: நுண்ணிய மணிகள் கோத்த கிளைக் கொத்து. அதை உருண்டை என்று மீயிடம் கொடுத்தால், உள்ளே இருக்கிற கரிக்கு வெளிச்சமே படாத மாதிரிக் கணக்கு வரும், உறிஞ்சல் குறையும். உமக்கு ரி-மற்றிக்ஸ் தேவைப்பட்டால் இந்தக் கரிக்குத்தான். நண்பன் மதிப்பான் என்பதற்காக இல்லை.

எனக்குக் கோபம் எங்கே என்றால், கடிதம் முழுக்கத் தேடினேன், நீர் ஒரு துணிக்கையையாவது கண்ணால் கண்டதாக ஒரு வரி இல்லை. குஸ்தாவ் மீ 1908இல் அந்தக் கணக்கைப் போட்டது வானத்துக்காக இல்லை. தண்ணீரில் மிதந்த பொன் துணிக்கைகள் ஏன் அந்த நிறம் காட்டுகின்றன என்பதுதான் அவருடைய கேள்வி. நீரோ லப்டொப்பில் 'கடல்சார்' என்ற ஆயத்தத் துணிக்கைப் பட்டியலைத் தெரிவுசெய்துவிட்டு 16 ஓடையா 4 ஓடையா என்று சண்டை பிடிக்கிறீர்.

கண்ணாடித் தகடு ஒன்றில் மெல்லிசாக வசிலீன் பூசும். சோளகம், அதாவது தென்மேல் காற்று, வீசுகிற பின்னேரம் பண்ணைப் பாலத்தில் ஒரு மணித்தியாலம் காற்றுக்குப் பிடியும். பிறகு கம்பஸ் நுண்ணோக்கியில் வைத்துக் கெதியாய்ப் பாரும், விளக்குச் சூட்டில் துளி காய்ந்துவிடும். காய்ந்து சதுரமானால் அந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளும். படத்தை எனக்கு அனுப்பும்.