வாசகர் கேள்வி – பதில்: 201 எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்?

கேள்வி: 2024 தென்னாப்பிரிக்கத் தேர்தலில், தேசிய அவையின் 400 இடங்களில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸுக்குக் (ஆ.தே.கா.) கிடைத்தது 159தான். பாதிக்கு மேல், அதாவது 201 பேர் ஆதரவு இல்லாமல் ஒருவர் அதிபராக முடியுமா?
– வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: முடியும். அதிபர் தேர்வுக்கு, பதிவான வாக்குகளில் பாதிக்கு மேல் வாங்கினால் போதும். முடிவு அறிவித்த 14 நாளுக்குள் அவை கூட வேண்டும், தலைமை நீதிபதி நடத்துவார், இரகசிய வாக்கெடுப்பு. யாருக்கும் பெரும்பான்மை வராவிட்டால் கடைசியில் இருப்பவரை நீக்கிவிட்டு மறுபடி வாக்கெடுப்பு. மிஞ்சிய இருவரும் சமமாக நின்றால் ஏழு நாளுக்குள் மீண்டும் கூட வேண்டும். புதியவர் பதவியேற்கும் வரை பழைய அமைச்சரவையே அலுவல்களைப் பார்க்கும்.

அதனால் அவைக்கு வராமல் இருப்பது எதிர்ப்பாகாது. 2024 ஜூன் 14 அன்று நடந்த அதிபர் தேர்வுக்கு, முன்னாள் அதிபர் ஜூமாவின் எம்.கே. கட்சியின் 58 பேரும் வரவில்லை. ஆ.தே.கா.வின் ரமபோசாவைத் தடுக்க அது உதவவில்லை, அவருக்குத் தேவையான எண்ணிக்கைதான் இறங்கியது. அவர் 283 வாங்கினார், ஈ.எஃப்.எஃப். கட்சியின் மலேமா 44.

201 கேட்கும் இடங்கள் வேறு. அதிபர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற அத்தனை வாக்கு வேண்டும். மசோதாவை வாக்குக்கு விடவும் அவையில் அத்தனை பேர் இருக்க வேண்டும்.

கேள்வி: ஆ.தே.கா.வோடு சேர்ந்து ஆளும் கட்சிகளுக்குள் கூட்டணி ஒப்பந்தம் இருந்தும் 2025 பட்ஜெட்டில் ஏன் அப்படி அடித்துக்கொண்டார்கள்?
– வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: ஒப்பந்தத்தின் ஒரு வரியைப் பாருங்கள். கருத்து வேறுபாடு வந்தால் 'போதிய இணக்கம்' வேண்டும். அதாவது 60 சதவீத இடங்களை வைத்திருக்கும் கூட்டணிக் கட்சிகள் ஒத்துக்கொள்ள வேண்டும். எதில் 60? அவையின் 400 இடங்களில் என்றால் 240. பத்துக் கட்சிக் கூட்டணிக்கு மொத்தம் 287. அதில் 'ஜனநாயகக் கூட்டணி' என்ற கட்சியின் 87 போனால் மிச்சம் 200தான், அவர்கள் இல்லாமல் எதுவும் நடக்காது. கூட்டணியின் 287 இடங்களில் 60 சதவீதம் என்று படித்தாலோ 173 போதும்; ஆ.தே.கா.வும் இன்கதா கட்சியின் 17 பேரும் சேர்ந்தாலே 176! ஒரே வாசகம், ஒரு கணக்கில் தடையதிகாரம், இன்னொரு கணக்கில் வெறும் பார்வையாளர் இடம். இதைத் தெளிவாக எழுதாமல் கையெழுத்திட்டது பெரிய தவறு.

2025 ஏப்ரல் 2 அன்று பட்ஜெட்டின் அடிப்படையான நிதிக் கட்டமைப்பு 194க்கு 182 என்று தப்பியது. அமைச்சரவையில் உட்கார்ந்திருந்த ஜனநாயகக் கூட்டணியே எதிர்த்து வாக்களித்தது. வாட் வரியை 15இலிருந்து 15.5 சதவீதமாக்கும் திட்டத்தை அந்த மாதமே கைவிட்டார்கள்.

கேள்வி: நம் குவாசுலு-நட்டால் மாகாண ஆட்சி நிலைக்குமா?
– வாசகர், டர்பன்

பதில்: 2024 தேர்தலில் மாகாண அவையின் 80 இடங்களில் எம்.கே.வுக்கு 37. எதிரே ஆளும் தரப்பில் இன்கதா 15, ஆ.தே.கா. 14, ஜனநாயகக் கூட்டணி 11, தேசிய சுதந்திரக் கட்சி 1: மொத்தம் 41. அந்த ஒற்றை உறுப்பினர் விலகினால் 40 ஆகிவிடும். முதல்வரை இறக்க எதிரணிக்கு 41 வேண்டும், எம்.கே.வும் ஈ.எஃப்.எஃப்.பின் 2 பேருமாக 39தான். ஆகவே அந்த ஒருவர் விலகினால் மட்டும் ஆட்சி விழாது, இன்னொருவரும் அந்தப் பக்கம் போக வேண்டும். ஆனால் ஆளும் தரப்பில் ஒருவர் காய்ச்சலில் படுத்தாலும் மசோதா வாக்கெடுப்புக்கு வேண்டிய 41 பேரைத் தாங்களாகத் திரட்ட முடியாது. எதிரணி வெளியேறினால் வாக்கெடுப்பே நின்றுவிடும்.