எத்தனை ஆண்டானால் நிரந்தரம்?

கே: சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் ஏழு ஆண்டாகத் தற்காலிக ஊழியன். சட்டப்படி என்னை நிரந்தரமாக்க வேண்டும்தானே?

ப: வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்கச் சொல்லும் 1981ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. ஊர்க்காரர் யாரோ அதைச் சொல்லியிருப்பார். சிங்கப்பூரில் அப்படி ஒரு நாள் கணக்கே இல்லை. ஆனால் விடுப்பும், வேலையை முடிக்கத் தரும் முன்னறிவிப்பும் பணிக்காலத்தை வைத்துத்தான். ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலம் குறிப்பிடாவிட்டால், ஐந்தாண்டு தாண்டிய உங்களுக்கு 4 வாரம். சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

கே: ஒப்பந்தம் முடிந்ததும் இரண்டு வாரம் வீட்டில் உட்காரவைத்து மறுபடி எடுக்கிறார்கள். விடுப்பு மீண்டும் முதலிலிருந்தா?

ப: இல்லை. ஒரு மாதத்துக்குள் புதுப்பித்தால் தொடர்பணியாகக் கொள்ள வேண்டும் என்கிறது அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கமும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டி நெறி. பழைய ஒப்பந்தத்தைக் கிழித்துப் போடாதீர்கள்.

கே: துப்புரவு வேலை. “சுயதொழில் செய்பவர்” என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு மத்திய சேமநிதி (ஓய்வுக்காலச் சேமிப்பு) கட்ட மறுக்கிறார்கள்.

ப: இந்தக் கடிதம் மாதம் தவறாமல் வருகிறது, ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது. நீங்கள் அனுப்பிய தாளையே பாருங்கள். தலைப்பு “சேவை ஒப்பந்ததாரர்”. கீழே: காலை 7 மணிக்கு வர வேண்டும், நிறுவனச் சீருடை அணிய வேண்டும், வேறொருவரை அனுப்பக் கூடாது, தாமதித்தால் 20 வெள்ளி பிடித்தம். துடைப்பமும் அவர்களுடையது. இப்படி வேலை செய்பவர் எப்படிச் சுயதொழில் செய்பவர் ஆவார்? தாளில் என்ன பெயர் என்பது முடிவல்ல. வேலையை யார் கட்டுப்படுத்துகிறார், கருவி யாருடையது, லாப நட்டம் யாருக்கு என்றுதான் பார்ப்பார்கள். ஊழியர் என்றாகிவிட்டால், மாதம் 50 வெள்ளிக்கு மேல் வாங்கும் குடிமகனுக்கும் நிரந்தரவாசிக்கும் முதலாளி சேமநிதி கட்டியே தீர வேண்டும், ஒரு நாள் வேலையானாலும் சரி. நீங்கள் கையெழுத்திட்டதால் அந்தக் கடமை மறையாது. சேமநிதிக் கழகத்தில் புகார் கொடுங்கள். பணி அட்டவணை, மேற்பார்வையாளரின் வாட்ஸ்அப் உத்தரவுகள், சம்பளச் சீட்டு மூன்றும் கையில் இருக்கட்டும்.

கே: வேலை அனுமதிச் சீட்டில் இருக்கிறேன். ஞாயிறு மட்டும் நண்பர் கடையில் நிற்கலாமா?

ப: கூடாது. சம்பளம் வாங்காவிட்டாலும் கூடாது.

கே: சம்பள பாக்கி இருக்கிறது. இப்போது கேட்கலாமா?

ப: எப்போது வேலையை விட்டீர்கள்? தேதி எழுதாமல் கேட்டால் எதை வைத்துப் பதில் சொல்வது? வேலையை விட்டிருந்தால் கடைசி நாளிலிருந்து 6 மாதம், இன்னும் அங்கேயே இருந்தால் பாக்கி விழுந்ததிலிருந்து ஓராண்டு. அதற்குள் சம்பளத் தகராறுகளைக் கவனிக்கும் முத்தரப்பு அமைப்பான டிஏடிஎம்மில் (TADM) பதிந்தாக வேண்டும். அடுத்த கடிதத்தை எனக்கு எழுதாமல் அங்கே எழுதுங்கள், சம்பளச் சீட்டோடு.