பேச்சினால் நோய் மாறுமா? உளசிகிச்சை குறித்த வாசகர் கேள்விகள்

ஐசெங்க் என்ற உளவியலாளரே உளசிகிச்சையால் பயனில்லை என்று நிறுவிவிட்டாரே? (ஆசிரியர், களுவாஞ்சிக்குடி)

நீங்கள் 1952ஆம் ஆண்டோடு வாசிப்பதை நிறுத்திவிட்டீர்கள். உளப்பகுப்பாய்வு (ஆழ்மனத்தில் புதைந்ததைப் பேச்சால் வெளிக்கொணரும் பிராய்டின் முறை) பெற்றவர்களில் 44 வீதத்தினரும் பொது வைத்தியரிடம் சென்றவர்களில் 72 வீதத்தினரும் தேறியதாக ஐசெங்க் அவ்வாண்டில் எழுதினார். ஆனால் சிகிச்சையை இடையில் விட்டவர்களையும் அவர் தேறாதவர்களாகவே எண்ணினார். 1977இல் ஸ்மித், கிளாஸ் என்ற ஆய்வாளர் இருவரும் ஏறக்குறைய 375 ஆய்வுகளைத் தொகுத்தபோது, சிகிச்சை பெற்ற சராசரி மனிதர், பெறாதவர்களில் முக்கால்வாசிப் பேரைவிட நலமாக இருந்தது தெரிந்தது. பிற்காலத்தில் கடுமையான ஆய்வுகளை மட்டும் எடுத்தபோது இந்தப் பயன் சுருங்கியதே தவிர, மறையவில்லை.

பிராய்டைப் பொய்யென்று நிரூபித்துவிட்டார்களா? (அக்கரைப்பற்று)

பொய்யென்று நிரூபிக்கவே வழியில்லாதபடி அக்கோட்பாடு அமைந்திருக்கிறது என்பதுதான் மெய்யியலாளர் கார்ல் பொப்பரின் குற்றச்சாட்டு. எனினும் கோட்பாடு வேறு, சிகிச்சை வேறு. அதன் வழிவந்த குறுகியகாலச் சிகிச்சைகள் மனச்சோர்வுக்கு உதவுவதை எழுமாற்றுப் பரிசோதனைகள் (யாருக்குச் சிகிச்சை என்பதைக் குலுக்கலில் தீர்மானித்து ஒப்பிடுபவை) காட்டியுள்ளன. வாரத்துக்கு நான்கைந்து நாள் வீதம் ஆண்டுக்கணக்கில் தொடரும் பழைய முறைக்கு அத்தகைய பரிசோதனைகள் மிகக் குறைவு.

எந்த முறை சிறந்தது? (ஏறாவூர்)

எந்த நோய்க்கு என்று கேளுங்கள். திரும்பத் திரும்பக் கை கழுவுவோருக்கும் திடீர்ப் பீதி வருவோருக்கும் அறிதல்-நடத்தைச் சிகிச்சை (எண்ணத்தையும் பழக்கத்தையும் படிப்படியாக மாற்றப் பயிற்றுவது). சாதாரண மனச்சோர்வுக்கு, முறைகளுக்கிடையே வேறுபாடு சிறிது.

எங்கள் பாடசாலையில் ஒரு மாணவன் விபத்தில் இறந்துவிட்டான். வகுப்புப் பிள்ளைகள் எல்லாரையும் இருத்தி, கண்டதைச் சொல்ல வைக்க ஒரு குழு வருகிறது. அனுமதிக்கலாமா? (பெற்றோர், கல்லாறு)

அனுமதிக்க வேண்டாம். சுனாமிக்குப் பின், 2005 தை மாதத்தில், கரையோரப் பாடசாலை முகாமொன்றில், இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த ஒரு தாயை ஒரே வாரத்தில் மூன்று குழுக்கள் தனித்தனியாக அழைத்து, மொழிபெயர்ப்பாளரை வைத்து நடந்ததைச் சொல்லச் சொன்னதை நான் அருகிலிருந்து பார்த்தேன். மூன்றாம் முறை அவர் அழவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றியபடி, கரும்பலகையைப் பார்த்து, மனனம் செய்த பாடம்போல ஒப்புவித்தார். அந்தக் குழுக்களில் ஒன்றுகூட மறுவாரம் அவரைத் தேடி வரவில்லை. இவ்வாறு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைக்கும் முறை பிற்கால நெருக்கீட்டு நோயை (பழைய அதிர்ச்சி கனவாகவும் பயமாகவும் திரும்பத் திரும்ப வருவதை) தடுப்பதில்லை என்று எழுமாற்றுப் பரிசோதனைகளின் தொகுப்புகள் காட்டின. தீக்காயமுற்றோரிடம் நடத்தி 1997இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், ஓராண்டு கழித்து, அவ்வமர்வைப் பெற்றவர்களில் நான்கில் ஒருவருக்கும் பெறாதவர்களில் பத்தில் ஒருவருக்குமே அந்நோய் இருந்தது. பேசவைப்பது தீங்கற்றது என்று எண்ணி இரண்டு நாள் பயிற்சியோடு வருபவர்களிடம் நான் இருபது ஆண்டுகளாகச் சொல்லிவருவது இதுதான்: நோயை மாற்றும் வலுவுள்ள எதற்கும் நோயைக் கூட்டும் வலுவும் உண்டு. பிள்ளைகளை வழமையான வகுப்புக்கு அனுப்புங்கள். பேச வரும் பிள்ளைக்குக் காதுகொடுங்கள். ஒரு மாதம் கடந்தும் உறக்கமின்றிப் பயந்திருக்கும் பிள்ளையை மட்டும் உளநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

குளிசையை விட்டுவிட்டு உளவளத்துணைக்கு மாறலாமா? (பெயர், ஊர் இல்லை)

நோயையும் எழுதவில்லை, வயதையும் எழுதவில்லை. வைத்தியரைக் கேளாமல் குளிசையை நிறுத்த வேண்டாம். உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் கடிதம் எழுதிக் காத்திராமல் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926க்கு அழையுங்கள்.

கண்ணகி அம்மன் சடங்குக்குப் போய்வந்தால் என் தாயாரின் மனம் இலேசாகிறது. அதுவும் சிகிச்சைதானா? (தம்பிலுவில்)

ஆறுதல் மெய்யானது, அதைத் தடுக்காதீர்கள். ஆனால் சிகிச்சை என்று சொல்ல, போகாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். குளிசை எடுப்பவராயின், சடங்குக் காலத்திலும் வைத்தியரைக் கேளாமல் நிறுத்த வேண்டாம்.

எத்தனை அமர்வுகள் தேவை? (வாழைச்சேனை)

மனச்சோர்வுக்கு, வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு முதல் பதினாறு. ஆறாவது அமர்வுக்குள் உறக்கத்திலோ வேலையிலோ சிறு மாற்றமும் தெரியாவிட்டால், அதை உங்கள் உளவளத்துணையாளரிடமே நேராகச் சொல்லி, அடுத்து என்ன செய்யப்போகிறார் என்று கேளுங்கள்.