‘தி ஸ்கார்லட் ஐபிஸ்’: அந்தச் சிவப்புப் பறவை குறியீடா, முன்னறிகுறியா?

ஜேம்ஸ் ஹர்ஸ்ட்டின் 1960ஆம் ஆண்டுச் சிறுகதையில் வரும் பறவை குறியீடா, முன்னறிகுறியா என்று கட்டுரைக்காகக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும்தான். ஆனால் பறவையிலிருந்து தொடங்காதீர்கள். கதை சொல்லும் அண்ணனிடமிருந்து தொடங்குங்கள்.

அவனுக்குக் கதையில் பெயரே இல்லை. பல வருடம் கழித்து நினைத்துப் பார்த்துச் சொல்கிறான். தம்பி டூடில் பிழைக்கமாட்டான் என்று அப்பா தச்சரிடம் சொல்லிச் சவப்பெட்டியே செய்து வைத்துவிடுகிறார். பிழைத்துக்கொள்கிறான், ஆனால் ஐந்து வயதாகியும் நடக்கவில்லை. அது அண்ணனுக்கு வெட்கம். சதுப்புநிலத்துக்குத் தூக்கிப்போய் ரகசியமாக நடக்கப் பழக்குகிறான். விஷயம் தெரிந்து வீட்டார் இவனைக் கட்டிக்கொள்ள வரும்போது அழுதுவிடுகிறான். செய்தது தம்பிக்காக அல்ல, தன் கௌரவத்துக்காக என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். அகப்போராட்டம் பற்றி எழுத இதைவிட நல்ல இடம் கிடைக்காது. தம்பியை நடக்க வைத்த அதே கர்வம்தான் பிறகு அவன் உயிரையும் வாங்குகிறது.

சரி, பறவைக்கு வருவோம். வெப்பமண்டலப் பறவை, ஊர் மாறி வந்து இவர்கள் வீட்டு மரத்திலிருந்து விழுந்து சாகிறது. டூடில் தனியாக அதைப் புதைக்கிறான். அன்றே கொட்டும் மழையில் அண்ணன் அவனை விட்டுவிட்டு ஓடுகிறான். திரும்பி வந்து பார்த்தால், டூடில் வாயில் ரத்தம் வழிந்து, கழுத்தும் சட்டையும் சிவந்து இறந்து கிடக்கிறான். பறவையின் கழுத்தையும் கால்களையும் வர்ணிக்கும் வரிகளை, டூடில் கிடப்பதை வர்ணிக்கும் பத்தியோடு பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பறவை டூடிலுக்குக் குறியீடு, அதன் சாவு அவன் சாவுக்கு முன்னறிகுறி என்பது புரியும். கதை நடப்பது 1918இல், உலகப் போர்க் காலம். பின்னணிக்கு அதை ஒரு வரியில் சொன்னால் போதும்.